சார்ஜ் ஏறாத வண்டியில் விருந்துக்குப் போனோம்

பெண் பார்க்கப் போன அன்று நான் சொன்ன ஒரே பொய் வண்டியைப் பற்றியது. பேரணாம்பட்டில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பாவுக்கு என்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஜன்னல் வழியே வெளியே நின்ற என் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க. ரிப்பேரு கிப்பேருன்னா எங்க உடுவீங்க?" என்றார்.

"எங்கயும் உட மாட்டேங்க. எல்லாம் நானே பாத்துப்பேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கேசரியில் நெய் அதிகம், அதுவாகவும் இருக்கலாம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் நான் சூப்பர்வைசர். ஒரு தோலைக் கையில் எடுத்தால் ஆட்டுக்கு எந்தப் பக்கம் முள் கீறியது என்பதுவரை சொல்லிவிடுவேன். வண்டியில் எனக்குத் தெரிந்தது இரண்டு ஓட்டைகள்தான்: ஒன்றில் சாவி போட வேண்டும், இன்னொன்றில் பெட்ரோல் போட வேண்டும்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இரண்டு மாதம் இருந்தது. தினமும் போனில் பேசினோம். பேசப் பேசப் பொய்யும் வளர்ந்தது. கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்றேன். ஒருமுறை என்ஜினையே கீழே இறக்கி மறுபடி ஏற்றியிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அப்டியா?" என்று மெல்லக் கேட்பாள். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நிலையத்தில் வேலை பார்த்தாள். "பிளான்ட்ல வேல" என்று மட்டும் சொல்வாள். டிப்ளமோ படித்த பெண் என்று தரகர் சொல்லியிருந்தார். ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ எண்களைத் தட்டுகிறாள் என்று நானே ஒரு படம் போட்டு மாட்டி வைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்தது. விருந்து தொடங்கியது.

முதல் விருந்து விரிஞ்சிபுரத்தில், என் பெரியம்மா வீட்டில். நாட்டுக்கோழிக் குழம்பு, வடை, பாயசம், அதற்கு மேல் மறுபடியும் கோழி. மூச்சுவிட முடியாமல் வெளியே வந்து வண்டியில் ஏறி பட்டனை அழுத்தினேன். "டிக்" என்றது. மறுபடி அழுத்தினேன். "டிக்." அவ்வளவுதான். உதைத்துக் கிளப்பலாமென்றால் இந்த மாடலுக்குக் கிக்கரே கிடையாது.

பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். பெரியம்மா மகன்கள் இருவரும் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலேயே வந்து சேர்ந்துகொண்டார். "கியர்ல போடு! கிளச்சப் புடி! நான் சொல்லச் சொல்ல உடு!" என்று நாலு பேரும் நாலு விதமாகக் கத்திக்கொண்டே தள்ளினார்கள். கோயில் மதில் ஓரமாக வண்டி ஓடியது, இருமியது, கிளம்பியது. நிறுத்தினால் அணைந்துவிடுமே என்ற பயத்தில் நான் நிற்காமல் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். "ஏறு, ஏறு!" என்று கத்தினேன். அவள் பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பெரியம்மா கொடுத்த தாம்பூலப் பையோடு ஓடி வந்து, ஓடும் வண்டியில் குதித்து ஏறினாள். பின்னால் மொத்தத் தெருவும் கை தட்டியது.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேட்டரி டவுன்" என்றேன்.

"ம்" என்றாள். முதுகுக்குப் பின்னால் அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. சாலை மோசம் என்று நினைத்தேன்.

மறுநாளே புதுப் பேட்டரி போட்டேன். "பழைய பேட்டரி. அதான் மேட்டரு" என்று அறிவித்தேன். நாலு நாள் வண்டி ராஜா மாதிரி ஓடியது. ஐந்தாம் நாள் கம்பெனி வாசலில் "டிக்." செக்யூரிட்டியை வைத்துத் தள்ளினேன். வீட்டில் சொல்லவில்லை. ஆறாம் நாள் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு, திருட்டுத்தனமாக மாட்டி வைத்தேன். அதற்குள் அடுத்த விருந்து வந்துவிட்டது. இந்த முறை பேரணாம்பட்டு, மாமனார் வீடு.

பாதி வழி நன்றாகத்தான் போனது. ஒரு புளியமரத்தின் அடியில் வெயில் சல்லடை போட்டதுபோல் விழுந்துகொண்டிருந்தது. "இங்க ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள். இரண்டு வாரக் கணவனால் இதற்கு முடியாது என்று சொல்ல முடியுமா? வண்டியை அணைத்தேன். ஏழெட்டுப் படம் எடுத்தோம். எல்லாவற்றிலும் என் கண் மூடியிருந்தது. திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன்.

"டிக்."

சாலை மேடு. தள்ள நான் ஒருவன். அவளைத் தள்ளச் சொல்ல மனசில்லை. எனவே நான் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தேன்: நடித்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு ஒயரைத் தொட்டேன், இன்னொன்றை லேசாக இழுத்தேன். பெட்ரோல் டேங்கைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். பிறகு ஒரு கறுப்புப் பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

"இன்னாங்க பண்றீங்க?"

"செக் பண்றேன்."

"அது ஏர் ஃபில்டருங்க."

நான் கையை எடுக்காமல் அதை இன்னொரு முறை ஆட்டினேன்.

"தெரியும். அதத்தான் செக் பண்றேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் ஆடின.

"சிரிக்கிறியா?"

"இல்லீங்க. தும்மல்."

அந்த நேரம் பார்த்து பேரணாம்பட்டு பஸ் வந்தது. ஷிப்ட் முடிந்து போகும் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக. அவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும் போலிருக்கிறது. பஸ் வேகத்தைக் குறைத்தது. "இன்னாடி, கல்யாணப் பொண்ணு! மாப்ள வண்டிய நிக்க வெச்சிட்டாரா?" என்று ஒரு குரல். "வண்டிய உட்டுட்டு பஸ்ல ஏறிக்கச் சொல்லுடி, டிக்கெட் நான் எடுக்கறேன்!" என்று இன்னொன்று. பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர்கூட விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். பஸ் போன பிறகு அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கிலோமீட்டர் கல்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். நான் முதலில் முறைத்தேன். பிறகு என்னையும் அது தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பிலேயே சொல்லிவிட்டேன்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"தெரியும்."

"எப்பலேந்து?"

"ஸ்பார்க் பிளக்குக்குள்ள கிரீஸ் தடவி மாட்டுவேன்னு போன்ல சொன்னீங்களே, அன்னிலேந்து."

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முந்தைய பேச்சு அது. அதைத் தெரிந்துகொண்டே கழுத்தை நீட்டியிருக்கிறாள்.

"நானும் ஒண்ணு மறைச்சேன்" என்றாள், புடவையில் ஒட்டிய புளியிலையைத் தட்டிவிட்டபடி. "நான் கம்ப்யூட்டர்ல வேல செய்யலங்க. மோட்டர் மெயின்டனன்ஸ். பதினஞ்சு எச்பி மோட்டரு, பம்ப்பு, பேனல் போர்டு எல்லாம் நான்தான் பாப்பேன். எங்கம்மாதான், போற வீட்ல ஸ்க்ரூடிரைவரத் தூக்கிக்கினு நிக்காத, மாப்ள ஒரு மாரி நெனைச்சுப்பாருன்னு சொன்னாங்க."

"அப்ப விரிஞ்சிபுரத்துல…"

"அன்னிலேந்து கை அரிக்குதுங்க!" என்றாள். "மீட்டர் கூட எடுத்தாந்துட்டேன். பொட்டியில அடிப் பொடவைக்குக் கீழ இருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். கூச்சமும் வெட்கமும் எங்கோ போய், தலையே லேசாகிவிட்டது போலிருந்தது. பெண் பார்த்தபோது பார்த்த பெண் ஒருத்தி, இவள் வேறு ஒருத்தி. இவளை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

"ஒண்ணு கவனிச்சீங்களா? வண்டி ஓடும்போது நிக்கவே இல்ல. அணைச்சாத்தான் கிளம்பல. பேட்டரி மேல தப்பே இல்ல. அதுக்கு யாரோ சோறு போடல" என்றாள்.

வண்டியைத் திருப்பி ஆம்பூர் பக்கம் இறக்கத்தில் உருட்டினோம். கிளம்பியது. மறுபடி திருப்பிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் பாடிக்கொண்டே போனோம். இரண்டு பேருக்கும் குரல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. புடவைக்குக் கீழேயிருந்து மீட்டர் வெளியே வந்தது. மஞ்சள் நிறம், ஒரு சிவப்பு ஒயர், ஒரு கருப்பு ஒயர். பேட்டரி எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று தொட்டுப் பார்க்கும் கருவி என்று எனக்கு முதல் பாடம் எடுத்தாள். என் வேலை ஆக்சிலேட்டரைப் பிடிப்பதும், மீட்டரில் வரும் எண்ணை உரக்கப் படிப்பதும்.

இரவே சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி. "பன்னெண்டு புள்ளி ஏழு" என்றேன்.

"நல்லாருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணுங்க. பதினாலு வரணும்."

என்ஜின் அலறியது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பன்னெண்டு நாலு!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா? சார்ஜே ஏறல."

முதலில் சந்தேகப்பட்டது நான் கல்யாணத்துக்காக முன்னால் மாட்டியிருந்த இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டுகளை. கழற்றினோம். எண் அசையவில்லை. அந்த அளவில் என் மானம் தப்பியது. அடுத்து, என்ஜினுக்குள் மின்சாரம் உற்பத்தியாகும் காயில். அதிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர்கள் வருகின்றன. இரண்டிரண்டாக மூன்று ஜோடி வைத்துத் தொட்டாள். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எண். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் கெட்டது என்று அர்த்தமாம். "காயில் சூப்பரா இருக்கு" என்றாள், நல்ல மாம்பழம் பொறுக்கியவள் மாதிரி.

அப்படியென்றால் அடுத்தது ரெகுலேட்டர். காயிலில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி அடக்கி அனுப்பும் அலுமினியக் கட்டி அது. தெரு முனையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய், நல்ல நிலையில் இருந்த ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். கொடுத்தது மட்டுமல்ல, கடையை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவும் வந்துவிட்டார். மாட்டினோம். ரேஸ் பண்ணினேன்.

"பன்னெண்டு நாலு."

பாய் உதட்டைப் பிதுக்கினார். "ஒயரிங் பூரா மாத்தணும் தம்பி. ரொம்ப பேஜார் வேல. ரெண்டு நாள் வண்டிய உட்டுடு."

அவள் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வண்டியையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் கம்பெனியில் பார்த்திருக்கிறேன். தோலில் ஒரு கீறல் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்து, கண்ணுக்கு அகப்படாதபோது வருமே, அந்த முகம்.

"ஹெட்லைட்டப் பாருங்க" என்றாள் திடீரென்று. "என்ஜின் ஓடும்போது எப்டி எரியுது?"

"நல்லா, பளிச்சுனு."

"அப்ப கரண்ட்டு வருது. ரெகுலேட்டரும் வேல செய்யுது. லைட்டு வரைக்கும் வர்ற கரண்ட்டு பேட்டரிக்கு மட்டும் ஏன் போய்ச் சேரல?" எழுந்தாள். "போறதுக்கு வழி இருக்கு. திரும்பி வர்ற வழி இல்ல! ரேஸ் பண்ணுங்க!"

ரேஸ் பண்ணினேன். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்தாள். கருப்பை மைனஸில் வைத்தாள். பன்னிரண்டு நாலு. சிவப்பை அசைக்காமல், கருப்பை மட்டும் எடுத்து, சீட்டுக்கு அடியில் சட்டகத்தில் ஒரு போல்ட்டின் கீழே முறுக்கியிருந்த பச்சை ஒயரின் வளையத்தில் வைத்தாள். ரெகுலேட்டரிலிருந்து எர்த்துக்கு வரும் ஒயர் அது.

எண் மாறியது. நான் படிக்காமல் வாயைப் பிளந்தேன்.

"சொல்லுங்க!"

"பதினாலு! பதினாலு புள்ளி மூணு!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர் மாடியில் ஒரு பக்கெட் கவிழ்ந்தது. மீட்டரை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். நானும் என்ன ஏதென்று முழுசாகப் புரியாமலே குதித்தேன். பாயும் "வா ரே வா!" என்று என் முதுகில் அறைந்தார்.

பிறகுதான் விளக்கினாள். அந்த வளையத்துக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டர் தன் பக்கத்தில் பதினாலைப் பார்த்துவிட்டு, பேட்டரி நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. பேட்டரியோ பட்டினி. ஸ்பேனரைப் போட்டுப் போல்ட்டைக் கழற்றினாள். வளையத்தைத் தூக்கினாள். அடியில் சட்டகம் கன்னங்கரேலென்று, கண்ணாடி மாதிரி மின்னியது.

"இது இன்னாங்க, பெயின்ட்டு?"

என் காது சூடானது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், மாப்பிள்ளை வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று, ஒரு ஒர்க் ஷாப்பில் எல்லாவற்றையும் கழற்றிச் சட்டகத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்தவர் ஒரு மூலை விடாமல் அடித்திருக்கிறார். நானே பக்கத்தில் நின்று, "அங்க உட்டுப்போச்சு பாருங்க, இங்கயும் ஒரு கோட்டிங்" என்று காட்டிக் கொடுத்தேன். பெயின்டின் வழியாக மின்சாரம் போகாது. போல்ட்டின் மரையில் ஏதோ கொஞ்சம் பட்டும் படாமலும் இருந்ததால் புதுப் பேட்டரி நாலு நாள் தாங்கியிருக்கிறது.

"எனக்காகவா பெயின்ட் அடிச்சீங்க?" என்றாள்.

"ஆமா."

அவ்வளவுதான். மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அடங்கும்போதெல்லாம் பாய், "ஜாஸ்தி அழகு பண்ணிட்ட தம்பி!" என்று ஆரம்பித்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றை நான் செய்தேன். கம்பெனியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த, தோலை உரசும் எமரித் தாள் ஒரு துண்டு வீட்டில் இருந்தது. அதை எடுத்து வந்து, பெயின்ட் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசினேன். தோல் கம்பெனிக்காரனுக்கு உரசுவது கைவந்த வேலை. அவள் வளையத்தையும் சுரண்டி, இறுக்கி, துரு பிடிக்காமல் மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவினாள். கருப்பு முனையை மறுபடி பேட்டரி மைனஸில் வைத்தாள். நான் ரேஸ் பண்ணினேன். பதினாலு புள்ளி ஒன்று. பாயின் ரெகுலேட்டரைக் கழற்றி, பழையதையே மாட்டிப் பார்த்தோம். அதுவும் பதினாலு ஒன்று. பாய் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, சாயந்தரம் கடைப்பக்கம் வாம்மா, ஒரு ஸ்கூட்டர் எனக்கு ஒரு மாசமா டிமிக்கி குடுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அம்மா இவ்வளவு நேரமும் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. கையிலிருந்த ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அம்மா இறங்கி வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "தாலியத் தூக்கி உள்ள போட்டுக்கோம்மா, கிரீஸ் பட்டுடப் போவுது" என்றார். பிறகு உள்ளே போய் பேரணாம்பட்டுச் சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டார். ஜன்னல் வழியே எங்களுக்கு எல்லாம் கேட்டது. "உங்க பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா? பாய் ஒயரிங்கே போச்சுன்னு சொல்லிட்டாரு, இவ உட்டாளா? பதினாலு கொண்டாந்துட்டா பதினாலு!" பதினாலு என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. அது நல்ல எண் என்று மட்டும் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் சம்பந்தி அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அரக்கோணத்தில் அவளுடைய அத்தை வீட்டில் விருந்து. பஸ்ஸில் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் வண்டியில்தான் போவோம் என்று நின்றோம். வேலூர் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தினேன். தாகத்துக்காக இல்லை. அணைத்துவிட்டுக் கிளப்பிப் பார்க்கும் சுகத்துக்காக. ஒவ்வொரு முறையும் பட்டன் மேல் கட்டைவிரல் பட்டதுமே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அவள் என் தோளில் ஒரு அடி வைத்தாள். டீக்கடைக்காரர் ஒருவர், "லாட்டரி கீட்டரி உழுந்துச்சா?" என்று கேட்டேவிட்டார்.

அரக்கோணத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் போய் நின்று வண்டியை அணைத்தேன். ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது முடிந்ததும் எதிர்த்திசையில் ஒரு எக்ஸ்பிரஸ். அவள் பெட்டிகளை உரக்க எண்ணினாள், நடுவில் தப்பவிட்டாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கேட்டைத் தூக்கினார்கள். நான் பட்டனைத் தொட்டேன், வண்டி கிளம்பியது. பக்கத்தில் குடும்பத்தோடு நின்ற ஒருவரின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அவர் பட்டனை அழுத்த அழுத்த அது "டிக், டிக்" என்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் வியர்த்துப் போய் மூடியைத் திறந்து, ஏதோ ஒரு ஒயரைப் பிடித்து ஆட்டினார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் பின் சீட் காலியாகியிருந்தது. அவள் பட்டுப்புடவையோடு ஸ்கூட்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து மஞ்சள் மீட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க வந்து நம்பர் படிங்க!"

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். அத்தை வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.